கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை. மூக்கில் ரத்தம், காலில் மதமதப்பு. இதுவும் ரத்தப் புற்றுநோயா?

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வாரம் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்தது. வால்டன்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா என்று போட்டிருக்கிறது. மெதுவாக வளரும் அரிய வகை ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் விளக்கினார். வீட்டில் யாருக்கும் மண்டைக்குள் ஏறவில்லை.

காரணம் இதுதான். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு மேலாகக் கால் மதமதப்பு. நடந்து போகும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்குத் தெரியாது. சுகர் இருக்கிறது, அதனால் சுகர் நரம்பு என்றார்கள், வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். சுகர் ஒன்றும் தாறுமாறாக இல்லை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.8 தான். அப்புறம் அடிக்கடி மூக்கில் ரத்தம். காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே ஒரு ரத்தக்குழாயைச் சுட்டுவிட்டார். கொஞ்ச நாளில் அடுத்த மூக்கில் வந்தது. பிறகு பேப்பர் படிக்கும்போது வரிகள் மங்குகின்றன என்றார். கண்ணாடி மாற்றினோம், பயனில்லை. கடைசியாகப் பார்த்த கண் டாக்டர்தான், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி ரத்தக்குழாய் உப்பி ரத்தம் கசிந்திருக்கிறது, இது சுகர் மட்டும் இல்லை, உடனே ரத்த டாக்டரைப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்.

கழுத்தில், அக்குளில் கட்டி கிடையாது. காய்ச்சல் கிடையாது. எடை குறையவில்லை, சாப்பாடு நன்றாகச் சாப்பிடுகிறார். என் தம்பி, ரிப்போர்ட் ஆள் மாறி வந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறான். முதலில் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து என்கிறார் டாக்டர். புற்றுநோய் என்றால் உடனே மருந்து ஏற்ற வேண்டாமா, இது என்ன சுற்று வழி என்று அதற்கும் சண்டை. யாருக்காவது இந்த நோய் இப்படி வேறு வேடத்தில் வந்திருக்கிறதா?


இயற்கை வழி:

சகோதரி, பயப்பட வேண்டாம். ரத்தம் கெட்டுப்போனால்தான் மூக்கில் வடியும். பப்பாளி இலைச் சாறு காலையில் வெறும் வயிற்றில், கூடவே பீட்ரூட், பேரீச்சம்பழம். ரத்தம் தானாக ஊறும். என் சித்தப்பா பிழைத்தது இதில்தான்.


வைகைக்கரை லேப்காரன்:

தங்கச்சி, நான் மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இதே நோய்தான். குழாயில் ரத்தம் எடுத்தவனாகவும் கையை நீட்டியவனாகவும் பேசுகிறேன். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன்.

தம்பியின் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ரத்தப் புற்றுநோய் என்றால் நெறி கட்டும், காய்ச்சல் வரும், ஆள் உருகிப் போவார் என்ற கணக்கில் அவர் பார்க்கிறார். இந்த நோயில் சிலருக்கு அதெல்லாமும் உண்டு. ஆனால் 1944-இல் சுவீடனின் உப்சாலாவில் யான் வால்டன்ஸ்ட்ராம் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக எழுதியபோது அவர் முன்னால் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவோடு வந்த இரண்டு பேர். ரத்தசோகை, எகிறிய ஈஎஸ்ஆர் (சிவப்பணு கீழே படியும் வேகம்), கொஞ்சம் நெறிக்கட்டு. எலும்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அதே ஊரில்தான் ஸ்வெட்பெர்க் என்ற விஞ்ஞானி உருவாக்கிய அதிவேகச் சுழல் இயந்திரம் இருந்தது. அதில் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிநீரை, சுற்றிப் பார்த்தபோது, மூலக்கூறு எடை பத்து லட்சத்தைத் தொடும் ஒரு ராட்சதப் புரதம் கிடைத்தது. மேக்ரோகுளோபுலின் என்று பேர் வந்தது அப்படி. ஆகவே உங்கள் அப்பாவின் மூக்கு வேறு வேடம் போடவில்லை. இந்த நோயின் முதல் நாள் முகமே அதுதான்.

அந்தப் புரதத்துக்கு இப்போது ஐஜிஎம் என்று பேர். நல்ல உடம்பிலும் உண்டு. கிருமி வந்ததும் முதலில் ஓடிவரும் எதிர்ப்புப் புரதம். ஐந்து துண்டு சேர்ந்து ஒரே மூலக்கூறாக இருப்பதால் ஆள் பெரிது, ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியே போகாது. வால்டன்ஸ்ட்ராமில் மஜ்ஜையில் பி செல் என்ற வெள்ளையணுவில் ஒரு வகை பெருகி, ஒரே அச்சில் வார்த்த ஐஜிஎம்மைக் கொட்டிக்கொண்டே இருக்கும். செல் கூட்டம் மெதுவாகத்தான் வளரும். தொல்லை பெரும்பாலும் அது கொட்டும் சரக்கால்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எதிர்ப்புப் புரதம் என்றால் அது எதையாவது பிடிக்கப் பிறந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் பெருகும் செல் வேறு, அதன் ஐஜிஎம் பிடிக்கும் பொருளும் வேறு. ஒருவருக்கு அது நரம்பின் மேலுறையில் உள்ள எம்ஏஜி என்ற பொருளில் போய் ஒட்டும். கால் மதமதத்து அவர் நரம்பு டாக்டரிடம் நிற்பார். இன்னொருவருக்குக் குளிரில் சிவப்பணுவைப் பிடிக்கும்; விரல் நீலமாகிறது என்று ரத்தநாள டாக்டரிடம் போவார். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியைக் குறைத்துவிட்டால், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காது. எதையும் பிடிக்காவிட்டாலும், அளவு ஏறிவிட்டால் போதும், நீராக ஓட வேண்டிய ரத்தம் கூழாகிவிடும். விழித்திரையின் நுண்குழாய்கள் உப்பும், மூக்குச் சவ்வில் கசியும், தலை கனக்கும், காது இரையும். ஒரே நோய் ஆறு டாக்டர் வாசலில் ஆறு பேரோடு நிற்பது இதனால்தான். அப்பா மூன்று வாசல் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். கண் டாக்டர் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்தது பெரிய விஷயம். விழித்திரையில் ஒரு குழாய் அடைத்தால் பெரும்பாலும் ஒரு கண்தான் போகும். இரண்டும் சேர்ந்து உப்பினால் சரக்கு ரத்தத்தில் என்று அர்த்தம்.

என் கதை இன்னும் கோணல். ஒரு மார்கழி மாதக் காலை, ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த செல் கவுண்டரைச் சரிபார்க்க ஒரு ரத்தம் வேண்டும் என்று என் கையையே நீட்டினேன். மெஷின் எம்சிஹெச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபின் அடர்த்தி) 46 என்று அச்சடித்தது. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்கவே முடியாது. 36, 37 தாண்டினாலே மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, தாறுமாறாக ஏறியிருந்தது, சிவப்பணு எண்ணிக்கை பாதியாக இருந்தது. பையன்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று போனை எடுத்தார்கள். நான் குழாயை 37 டிகிரி தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எல்லா எண்ணும் ஒழுங்காக வந்தது. குளிரில் சிவப்பணுக்கள் கட்டிக்கொண்டு, மெஷின் கொத்தை ஒரே செல்லாக எண்ணியிருக்கிறது. கோல்டு அக்ளுட்டினின், குளிரில் சிவப்பணுவை ஒட்டவைக்கும் எதிர்ப்புப் புரதம். கிருமித் தொற்றுக்குப் பிறகு தற்காலிகமாகவும் வரும், அதனால் காத்திருந்து பார்த்தோம். போகவில்லை. ஏசி பஸ்ஸில் போனால் என் விரல் நுனி கருநீலமாகும், அதுவரை வயசு என்று விட்டிருந்தேன். மஜ்ஜையில் எம்ஒய்டி88 மரபணு மாற்றம் இருந்தது. வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கும் மாற்றம் அது. 2012-இல் பாஸ்டனில் கண்டுபிடித்தார்கள். வெறும் குளிர்க்கட்டு நோயாக இருந்தால் அது பொதுவாக இருக்காது. தம்பிக்கு ரிப்போர்ட் மேல் சந்தேகம் என்றால், ஆள் மாறிவிட்டதா என்று சண்டை போடுவதை விட, எம்ஒய்டி88 பார்த்தீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு வேலை செய்யுங்கள். அப்பாவின் பழைய ஃபைலை எடுங்கள். சுகர் செக்கப் என்றால் கூடவே எல்எஃப்டி என்ற கல்லீரல் சோதனை எடுத்திருப்பார்கள். அதில் எல்லோரும் பிலிருபின், எஸ்ஜிபிடி பார்ப்பார்கள். கீழே டோட்டல் புரோட்டீன், அல்புமின், குளோபுலின் என்று மூன்று வரி இருக்கும், அதை ஒருவரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில் ஆயுள்காலக் கோபம் உண்டு. குளோபுலின் 2-இலிருந்து 3.5 கிராம் வரை சரி. அதற்கு மேல் நன்றாக ஏறியிருந்தால் ரத்தத்தின் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற ஒரு சாதாரணச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கல்லீரல் நோயிலும் நாள்பட்ட தொற்றிலும் அது ஏறும். ஆனால் எலக்ட்ரோபோரெசிஸ் பட்டையில் அது பரந்த மேடாகத் தெரியும், இதில் ஒற்றைக் கூர்முனையாக நிற்கும். ஃபைலில் என்ன இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

பப்பாளி இலை நண்பருக்கு: பேரீச்சம்பழம் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை, சுகர் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இங்கே ரத்தம் ஊறாதது மட்டுமே பிரச்சினை இல்லை. பிளாஸ்மாவே பெருத்துப்போய் இருக்கிற ஹீமோகுளோபினை நீர்க்கச் செய்து குறைத்துக் காட்டும். கூழாக இருக்கிற ரத்தத்தில் அவசரப்பட்டு ரத்தம் ஏற்றினாலே சிக்கல் என்பதால் டாக்டர்களே யோசித்து யோசித்துத்தான் ஏற்றுவார்கள்.


ஸ்கார்பரோ அக்கா:

தங்கச்சி, நான் கனடாவில் இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். உங்கட கடிதத்தை வாசித்த உடனே எழுத வேணும் போல இருந்தது.

என்ர அவருக்குத் தோலில் தொடங்கியது. பின்னேரம் ஆனால் முதுகிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். கடி பெரிதாக இல்லை, எரிவுதான். கூடவே காய்ச்சல் வந்து விடியப் போகும். கணைக்கால் எலும்புக்குள் நோகுது என்று இரவில் எழும்பி இருப்பார். கனகாலம் ஒவ்வாமை என்று சொல்லி மாத்திரை குடித்தார். இறாலை விட்டோம், கத்தரிக்காயை விட்டோம், சவர்க்காரத்தை மாற்றினோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஒரு வாத நோய் வைத்தியர்தான் இரத்தத்தில் ஐஜிஎம் பார்க்கச் சொன்னவர். ஒற்றை வகை ஐஜிஎம் சிறிதளவு இருந்தது. ஷ்னிட்ஸ்லர் நோய்க்கூறு என்றார். 1972-இல் லிலியான் ஷ்னிட்ஸ்லர் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் விவரித்ததாம். அனகின்ரா என்ற ஊசி, ஒவ்வொரு நாளும் போட வேணும். முதல் ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் இல்லை, அடுத்த நாள் தடிப்பு இல்லை. நான் நம்பாமல் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

ஆனால் ஊசி தடிப்பையும் காய்ச்சலையும்தான் அடக்கும், அந்தப் புரதத்தை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் இரத்தம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிறகு அளவு ஏறி, மஜ்ஜை பார்த்தபோது வால்டன்ஸ்ட்ராம் ஆகிவிட்டது. அப்பவும் உடனே மருந்து தரவில்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்றவர்கள். சொந்தக்காரர் எல்லாம் கேட்டவை, கான்சர் என்று சொல்லிவிட்டு மருந்து தராமல் வீட்டுக்கு அனுப்புகிற நாடு என்ன நாடு என்று. அறிகுறி இல்லாத ஆளுக்கு முந்தி மருந்து கொடுத்தால் கூட நாள் இருப்பார் என்றதுக்கு ஆதாரம் இல்லை என்று வைத்தியர் எனக்கு ஆறுதலாக இருத்தி விளங்கப்படுத்தினவர். உங்கட அப்பாவின் நிலை வேறு, அவருக்குக் கண் வரைக்கும் வந்துவிட்டது. அவருக்குப் பொறுக்கிற நேரம் இல்லை.


அமராவதிக்கரை:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய எல்எஃப்டி: டோட்டல் புரோட்டீன் 9.1, அல்புமின் 3.8, குளோபுலின் 5.3. பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறியே போட்டிருக்கிறார்கள்! போன மாதம்: டோட்டல் புரோட்டீன் 11.0, அல்புமின் 3.2, குளோபுலின் 7.8. ஐஜிஎம் 6,180 மில்லிகிராம். ஹீமோகுளோபின் 8.9. ஈஎஸ்ஆர் 128. அந்த ஈஎஸ்ஆரைப் பார்த்து நடுவில் ஒரு இடத்தில் டிபி என்று சந்தேகப்பட்டு எக்ஸ்ரே, சளி எல்லாம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை.

இன்னொரு விசித்திரம். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் ஹெச்டிஎல் 9 என்று இருக்கிறது. நல்ல கொழுப்பு இவ்வளவு குறைவாக இருக்கக் கூடாது என்று அப்பாவைத் தினம் இரண்டு மைல் நடக்கச் சொல்லி, நிலக்கடலை, பாதாம் என்று வாங்கிக் கொடுத்தோம். மறுபடி எடுத்தால் 8. பாவம், கால் உணர்வில்லாமல் நடந்திருக்கிறார்.

முகம் கழுவும்போது கண்ணை மூடினால் முன்னால் சாய்கிறார், குழாயைப் பிடித்துக்கொள்கிறார். இதுவும் அதனாலா? கால் சரியாகுமா?


வைகைக்கரை லேப்காரன்:

அம்புக்குறி போட்டவன் என் இனம். போட்டுவிட்டு அதைப் பார்க்க ஆளில்லாமல் இருந்திருக்கிறான்.

ஹெச்டிஎல் 9 விஷயத்தில் அப்பா நடந்தது வீண். சில மெஷின்களில் ஹெச்டிஎல் அளக்கும் ரசாயனத்தோடு இந்தப் புரதம் சேர்ந்து கலங்கிப்போய் எண்ணைக் கீழே தள்ளிவிடும். கொழுப்பு உண்மையில் குறைந்ததாக இருக்காது. இதே போல் பிலிருபின், பாஸ்பரஸ் எண்களும் பொய்யாக ஏறிக் காட்டலாம். ஹெச்டிஎல் ஒற்றை இலக்கத்தில் வந்தால் உணவைக் குறை சொல்லும் முன் புரதத்தைப் பார் என்று நான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். நோய் இப்படியும் தலை காட்டும், ஆளுக்கு ஒரு அறிகுறியும் இல்லாமல், வெறும் ஒரு தப்பான எண்ணாக.

எங்கள் காலத்தில் இதற்கு ஒரு கிராமத்து வைத்தியம் மாதிரியான சோதனை இருந்தது. சியா டெஸ்ட். ஒரு கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு. வெள்ளையாகக் கலங்கி, படிந்து கீழே இறங்கினால் குளோபுலின் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கும் அதையே செய்தார்கள், அதனால் உறுதியான பதில் கிடைக்காது. இப்போது யாரும் செய்வதில்லை, செய்யத் தேவையும் இல்லை. ஆனால் ஸ்லைடைப் பார்க்கும் வழக்கம் போனதுதான் எனக்கு வருத்தம். இந்த ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டால் பின்னணியே வெளிர்நீலமாகத் தெரியும், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். ஈஎஸ்ஆர் 128 வந்ததும் அதே ரத்தத்தில் ஒரு ஸ்லைடு பார்த்திருந்தால், சளிப் பரிசோதனைக்கு அலைந்திருக்க வேண்டாம். நம் ஊரில் ஈஎஸ்ஆர் ஏறினால் டிபி என்று நினைப்பது தப்பில்லை, அதுதான் அதிகம். நூறைத் தாண்டி நின்று, டிபியும் இல்லை என்றால் அடுத்த கேள்வி புரதம்தான்.

முகம் கழுவும்போது சாய்வது பற்றி. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற பெரிய நரம்பிழைகள் பழுதானால் கண்தான் அந்த வேலையைப் பார்க்கும். கண்ணை மூடினால் ஆள் சாய்வார். சுகரிலும் இது வரலாம். ஆனால் சுகரில் பெரும்பாலும் நரம்பின் உள்இழை தேயும், வால்டன்ஸ்ட்ராமில் எம்ஏஜி வகையில் மேலுறை கழன்று நரம்பில் செய்தி போகும் வேகமே குறையும். நெர்வ் கண்டக்‌ஷன் பரிசோதனையில் இரண்டும் வேறாகத் தெரியும். எம்ஏஜி எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று ரத்தத்திலும் பார்க்கலாம். அப்பாவுக்கு இரண்டும் கலந்து இருக்கவும் வாய்ப்பு உண்டு. கை நடுக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள், டாக்டரிடம் சொல்ல உதவும். குளியலறையில் உடனே ஒரு கம்பி பொருத்துங்கள், ராத்திரி விளக்கை அணைக்காதீர்கள். கால் சரியாகுமா என்ற கேள்வியை டாக்டர் தம்பி யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.


வெள்ளைக்கோட்டு:

ரத்த நோய்ப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். லேப் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அப்பாவைப் பார்க்கும் டாக்டரின் முடிவுதான் கடைசி.

பிளாஸ்மா ஏன் முதலில்: இந்த நோய்க்குப் பொதுவாகக் கொடுக்கும் ரிட்டுக்சிமாப், ஆரம்பத்தில் பலருக்கு ஐஜிஎம்மைக் குறைப்பதற்குப் பதில் கொஞ்ச காலம் ஏற்றிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, பிறகு இறங்கும். ஆனால் ஏற்கெனவே 6,000-க்கு மேல் இருந்து, கண்ணிலும் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னும் ஏறினால் பார்வை போகலாம், மூளையில் ரத்தம் கசியலாம். 4,000-க்கு மேல் இருந்தாலே முதலில் பிளாஸ்மாவை மாற்றிவிட்டுத் தொடங்குவோம், அல்லது ரிட்டுக்சிமாபைப் பிந்திக் கொடுப்போம். ஐஜிஎம் பெரும்பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே இருப்பதால் ஒன்றிரண்டு அமர்விலேயே நன்றாக இறங்கும். மூக்குக் கசிவு சீக்கிரம் நிற்கும், பார்வையும் தெளிய ஆரம்பிக்கலாம். ஆனால் தயாரிக்கும் செல்கள் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் மறுபடி ஏறும். அதனால்தான் பின்னாலேயே மருந்து. சுற்று வழி இல்லை, தம்பியிடம் சொல்லுங்கள்.

மருந்தில் பெண்டமுஸ்டினோடு ரிட்டுக்சிமாப் ஒரு வழி. தினமும் விழுங்கும் இப்ருட்டினிப், சானுப்ருட்டினிப் மாத்திரைகள் இன்னொரு வழி. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து இப்ருட்டினிப், 2015-இல். அது சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். அப்பாவுக்கு எது என்பதை வயது, இதயம், மரபணு மாற்றம், செலவு எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். ரிட்டுக்சிமாப் என்றால் அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஃபைலில் இருக்க வேண்டும். உறங்கிக் கிடக்கும் வைரஸை அது எழுப்பிவிடும்.

கால் விஷயத்தில் நேராகவே சொல்கிறேன். புரதம் இறங்கினாலும் நரம்பு மெதுவாகத்தான் தேறும், முழுதாகத் தேறாமலும் போகலாம். மேலும் மோசமாகாமல் நின்றாலே அதை நல்ல பலனாக எடுத்துக்கொள்வோம். கால் மதமதப்பை வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று அளக்காதீர்கள்.

புதிதாகத் தலைவலி விடாமல் இருந்தால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், ஞாபகம் தடுமாறினால், வலிப்பு வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். ரத்தம் தடிப்பதாலும் வரும். அபூர்வமாக அந்தச் செல்களே மூளைக்கும் தண்டுவட நீருக்கும் போய்விடும். பிங்-நீல் என்று பெயர், நூறு பேரில் ஒருவருக்கு வருவதே அரிது. பிங், நீல் என்ற இரண்டு டேனிஷ் மருத்துவர்கள் 1936-இல் எழுதியது. வால்டன்ஸ்ட்ராம் எழுதுவதற்கு எட்டு வருடம் முன்பே! நோய்க்குப் பேர் வருவதற்கு முன்பே அதன் அரிய முகத்தை எழுதிவிட்டார்கள். வயதானவருக்கு மறதி என்று விட்டுவிட எளிது என்பதால் சொல்கிறேன்.


பழைய பேப்பர்:

மருத்துவம் தெரியாது, சரித்திரப் பைத்தியம். பிரெஞ்சு அதிபர் ஜார்ஜ் பாம்பிடு 1974-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தது இந்த நோயில்தான். கடைசி காலத்தில் முகம் வீங்கிப் படங்களில் தெரிவார், மருந்தால். அதிபர் மாளிகை காய்ச்சல், சளி என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1978-இல் அல்ஜீரிய அதிபர் பூமேதியனும் இதே. மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம் அது.


அமராவதிக்கரை:

தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அதிபருக்கே வந்ததா என்று கேட்டான். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. இன்று காலையில் அவனே டாக்டருக்குப் போன் செய்து எம்ஒய்டி88 பற்றிக் கேட்டான். மஜ்ஜை மாதிரியிலேயே அனுப்பியிருக்கிறார்களாம், பாசிட்டிவ், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. எம்ஏஜி சோதனைக்குத் தனியாக ரத்தம் எடுப்பார்களாம்.

செவ்வாய்க்கிழமை அட்மிஷன். அப்பா தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் போடுகிறார், இதயத்துக்காக யாரோ முன்பு எழுதிக் கொடுத்தது. மூக்கில் ரத்தம் வரும்போது அதை நிறுத்த வேண்டுமா? கூடவே நான் வாங்கிக் கொடுத்த மீன் எண்ணெய் கேப்சூலும் இருக்கிறது. பிளாஸ்மா எடுக்கும் இடத்தில் வேறு என்ன கேட்க வேண்டும்?


வைகைக்கரை லேப்காரன்:

மீன் எண்ணெயை இன்றைக்கே நிறுத்திவிடலாம், அது இல்லாமல் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். செவ்வாய் வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டருக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஒரு பதில், சும்மா முன்னெச்சரிக்கைக்குப் போடுகிறவருக்கு வேறு பதில். அப்பா போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பேர் எழுதிய தாளை விட அட்டை நம்பகமானது.

பிளாஸ்மா மெஷினில் மாட்டும் முன்பே ஐஜிஎம், எலக்ட்ரோபோரெசிஸ், வான் வில்லிபிராண்ட் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எம்ஏஜிக்கும் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு எடுத்தால் நோயின் உண்மையான அளவு யாருக்கும் தெரியாது. குளிரில் திரளும் கிரையோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் குழாயைச் சூடாகவே, 37 டிகிரியில், லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஆறினால் அந்தப் புரதம் உறைந்த ரத்தக் கட்டியோடு சேர்ந்து அடியில் போய், சோதனை நெகட்டிவ் என்று வந்துவிடும். வார்டு பையன் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் தம்பியை விட்டு மறிக்கச் சொல்லுங்கள், சண்டை போட அவருக்கு அங்கே நல்ல வாய்ப்பு.